எங்கே நின்றது?

விண்டோஸ் 95 உலகத்துக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 24ஆம் தேதி. சிவகாசிக்கு அது வந்து சேர ஒரு காலண்டர் சீசன் கழிய வேண்டியிருந்தது. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் போட்டுவிட்டால் மார்கழி வரை அச்சகங்களில் யாருக்கும் தலைநிமிர நேரம் இருக்காது. ஓடிக்கொண்டிருக்கிற மெஷினில் கைவைக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். பொங்கல் கழிந்து வேலை தணிந்த பிறகுதான், “அந்தப் புது விண்டோசப் போட்டுப் பாப்பமா தம்பி?” என்ற பேச்சே எழும்.

நான் அப்போது ஒரு சர்வீஸ் கடையில் பையன். ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், பிளாப்பிப் பெட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சீனியர் அண்ணனுக்குப் பின்னால் போவதுதான் வேலை. பெரும்பாலான மெஷின்களில் சி.டி. டிரைவ் கிடையாது. ஆகவே பிளாப்பி, மொத்தம் 13. முதலாவது வழக்கமான 1.44 எம்பி. மற்றவற்றில் ஒவ்வொன்றிலும் 1.68 எம்பி திணித்து வைத்திருந்தார்கள். சாதாரண பிளாப்பியில் எழுதுகிற முறை வேறு என்பதால் டாஸின் டிஸ்க்காப்பி கட்டளையை வைத்து இவற்றுக்கு நகல் எடுக்க முடியாது. ஒன்றில் பூஞ்சை பிடித்தால் அந்த ஒன்றுக்காக இன்னொரு முழுப் பெட்டியைத் தேடிப் போகவேண்டும். 13 பிளாப்பியும் சேர்ந்து சுமார் 22 எம்பி. இன்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வாடிக்கையாளர் வாட்ஸப்பில் அனுப்பும் படங்கள் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

எந்த அச்சகத்திலிருந்து ஆள் வந்து “அண்ணே, பாதியிலயே நின்னுபோச்சு” என்றாலும் அண்ணன் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “எங்க நின்னுச்சு?” என்ன ஆச்சு, யார் தொட்டது, எப்போதிலிருந்து என்பதெல்லாம் அப்புறம்.

அந்தக் கேள்விக்குள் ஒரு முழுப் பாடம் இருந்தது என்பது எனக்குப் போகப்போகத்தான் விளங்கியது. நிறுவல் என்பது ஒரே வேலை அல்ல, அடுத்தடுத்த பல வேலைகள். முதலில் ஸ்கேன்டிஸ்க் ஓடி ஹார்ட் டிஸ்கைச் சோதிக்கும். பிறகு மெஷினில் என்னென்ன கார்டுகள் இருக்கின்றன என்று தேடும். பிறகு கோப்புகளை இறக்கும். கடைசியில் மெஷினை அணைத்து எழுப்பி, புது விண்டோசுக்குள் மிச்ச வேலையை முடிக்கும். கோப்பு இறங்கும்போது நின்றால் குற்றம் பிளாப்பியில், அல்லது டிரைவின் ஹெட்டில். எழுப்பிய பிறகு கறுப்புத் திரையில் நின்றால் டிஸ்ப்ளே கார்டைச் சந்தேகப்படலாம். கார்டு தேடும்போது நின்றால் கவரைக் கழற்றியாக வேண்டும். நின்ற இடம் தெரிந்தால் நோயில் முக்கால்வாசி தெரிந்த மாதிரி.

அதில் மறக்கமுடியாத ஒரு கேஸ், ஒரு ஆப்செட் அச்சகத்தில் நடந்தது. அண்ணாச்சியிடம் இரண்டு 486 மெஷின்கள். ஒன்றில் டைப் செட்டிங், இன்னொன்றில் லேசர் பிரிண்டர். இரண்டையும் கறுப்புக் கோஆக்ஸ் கேபிளால் இணைத்திருந்தார்கள். அந்தக் கேபிள் போய்ச் சேரும் நெட்வொர்க் கார்டு, அக்காலத்தில் எல்லாக் கடையிலும் கிடைத்த என்இ2000 ரகம். வேலை ஓய்ந்த ராத்திரியில் உட்கார்ந்தோம். கார்டுகளைத் தேடும் கட்டம் வந்ததும் பட்டை முக்கால் தூரம் ஓடி நின்றது. மவுசை அசைத்தால் அம்பு நகரவில்லை.

“தம்பி, ஆர்டர் ஃபைல் எல்லாம் போயிருமா?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“இன்னும் ஒண்ணையும் தொடலை அண்ணாச்சி. தேடிக்கிட்டுத்தான் இருக்கு” என்றார் அண்ணன். சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கவே இல்லை. கேபினட் முகப்பில் இருக்கும் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மினுங்கினால் ஹார்ட் டிஸ்க் வேலை செய்கிறது, பொறுத்திருக்கலாம். அது வெகுநேரம் மினுங்கவில்லை. ரீசெட் பட்டனுக்கு நீண்ட என் கையைத் தட்டிவிட்டு, சுவிட்சையே அணைத்தார். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டார். அதற்குக் காரணம் உண்டு. உறைந்து நிற்கும் கார்டு ரீசெட்டுக்கெல்லாம் அசையாமல் இருக்கலாம். மின்சாரம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தால்தான் அது தன் பழைய நிலைக்கு வரும்.

அடுத்து நடந்ததை இன்றைக்கும் பெரிய பொறியியலாகவே நினைக்கிறேன். நிறுவல் நிரல் ஒவ்வொரு கார்டையும் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால், “இப்போது இதைத் தட்டப்போகிறேன்” என்று டெட்கிராஷ் என்ற கோப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் தட்டும். அந்தத் தட்டலில் மெஷின் விழுந்தால், மறுபடி எழுப்பியதும் அந்தக் கோப்பைப் படித்து, விழவைத்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். தான் செத்துப்போகக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்து, அடுத்த பிறவிக்குக் குறிப்பு எழுதி வைக்கிற நிரல். மனிதன் படிக்கவும் ஒரு பிரதி உண்டு. சி டிரைவின் தலைமாட்டில் டெட்லாக் என்ற பெயரில் மறைந்திருக்கும் வெறும் எழுத்துக் கோப்பு அது. அண்ணன் டாஸுக்குப் போய் எடிட் கட்டளையில் அதைத் திறந்து, நேரே கடைசி வரிக்கு இறங்கினார். ஒவ்வொரு வரியும் இன்னதைத் தேடுகிறேன் என்று தொடங்கியது. கடைசி வரிக்குப் பதில் வரி இல்லை. சி.டி. டிரைவ் கார்டு ஒன்றைத் தேடி 300 என்ற முகவரியைத் தட்டியிருக்கிறது. அங்கே குடியிருந்ததோ நெட்வொர்க் கார்டு. தனக்கு வந்த கட்டளை என்று எண்ணி அதற்குப் பதில் சொல்லப் புகுந்து, அப்படியே உறைந்து, மெஷினையும் சேர்த்து உறைய வைத்திருக்கிறது.

நிரல் தானே தாண்டிப் போகும் என்று தெரிந்தும் அண்ணன் அப்படி விடவில்லை. தாண்டிப் போனால் நிறுவல் முடியும், ஆனால் பிரிண்டர் மெஷினுக்குப் போகும் வழி அடைபடும், காலையில் அண்ணாச்சிக்குப் பிரிண்ட் வராது. கவரைக் கழற்றி, கார்டை உருவி, அதிலிருந்த ஜம்பரை நோஸ் பிளையரால் பிடுங்கி 320க்கு மாற்றிச் செருகினார். பிளாப்பிகளை வரிசையாக நான் கொடுக்கக் கொடுக்க, விடிவதற்குள் வேலை முடிந்தது. அண்ணாச்சி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். கோளாறு எது, ஏன் வந்தது, எதை மாற்றினோம் என்பது அவருக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் அந்தக் கார்டின் ஜம்பரைப் பற்றி மற்ற அச்சகக்காரர்களுக்கு அவரே வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் காலத்தைப் புகழ்ந்து மட்டும் பேசினால் அது நேர்மை ஆகாது. கோப்பு இறங்கும் நேரத்தில் கரண்ட் போனால் சில நேரம் பழைய விண்டோசும் எழாது, புதியதும் எழாது. திரும்பிப் போகப் பழைய கோப்புகளைச் சேமிக்கிற வசதி இருந்தது. ஆனால் அன்றைய ஹார்ட் டிஸ்கில் அதற்கு இடம் ஒதுக்க மனம் வராமல் பலர் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். வேலைக்கோப்புகளை முன்கூட்டியே பிளாப்பியில் நகல் எடுக்காத இடங்களில், ஒரு வருட உழைப்பு ஒரு ராத்திரியில் போனதை நான் பார்த்திருக்கிறேன். அழுத மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். பாதியில் நின்ற நிறுவல் அன்று நிஜமாகவே ஆபத்து.

2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தது. திரையின் இடது ஓரத்தில் இன்னும் 39 நிமிடம் என்று காட்டத் தொடங்கியது. 34இல் வந்து சாதனங்களைப் பொருத்தும்போது நிற்பது அதன் வழக்கமான நோய். ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தினால் அந்த நீலத் திரைக்கு மேலேயே கறுப்புக் கட்டளைப் பெட்டி திறக்கும். உள்ளே போய்ப் பதிவேடுகளைப் படிக்கலாம். கோப்பை நகலெடுக்க முடியவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால், சி.டி.யைத் துடைத்துப் பார்த்துவிட்டு ராம் குச்சியை மாற்றுவோம். தமிழும் எக்ஸ்பிக்குள் இருந்தது. மொழி அமைப்பில் ஒரு பெட்டியில் டிக் போட்டு, சி.டி.யை மறுபடி செருகினால் யூனிகோட் தமிழ் வரும். எங்கள் ஊரில் அந்த டிக்கை யாரும் போடவில்லை. எல்லோரும் பழைய எழுத்துருக்களில் வேலை செய்தார்கள், அதற்கான மென்பொருளுக்குக் கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு டாங்கிள் செருகியிருக்கும். அது இல்லாமல் தமிழ் எழுத்தே வராது. அன்று போடாத அந்த டிக்கின் விலையை இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வெளியானபோதுதான் பெரிய மாற்றத்தைக் கண்டேன். பட்டையும் போய், நிமிடக் கணக்கும் போய், ஒரு வட்டமும் ஒரு சதவீதமும் மட்டும் மிஞ்சின. அந்த நாட்களில் நிறுவல் நின்றுபோன பலருக்கு வந்த செய்திப் பெட்டியின் தலைப்பு ‘ஏதோ நடந்தது’. அதன் கீழே விளக்கம் என்று இருந்ததும் அதே ‘ஏதோ நடந்தது’. எனக்கு அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஒரு வேலையை நம்பி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் அப்படிப் பேசுவது மரியாதை இல்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்துகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து, ஊரில் உள்ள டிடிபி சென்டர்கள் எல்லாம் விண்டோஸ் 11ஐப் பற்றித்தான் பேசின. அதிலொன்றை நடத்துகிற பெண் போன் செய்தார். “அண்ணே, ராத்திரி பூரா ஓட விட்டேன். காலைல வந்து பாத்தா பழைய விண்டோசே நிக்குது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் அப்படியேதான்.”

“எங்கம்மா நின்னுச்சு?”

“நிக்கவே இல்லண்ணே. எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ரீஸ்டார்ட் ஆகி, செஞ்ச மாற்றத்தையெல்லாம் திரும்ப எடுக்கறேன்னு வந்துச்சு.”

அவர் சொன்னது சரிதான். இன்றைய நிறுவல் நிற்பதில்லை, திரும்பிவிடுகிறது. நள்ளிரவில், யாரும் பார்க்காதபோது, போன வழியே பழைய இடத்துக்கு வந்து எதுவும் நடக்காதது போல நிற்கிறது. கோப்புகள் அத்தனையும் பத்திரம். இது சாதாரணச் சாதனை இல்லை. அண்ணாச்சி காலத்தில் இந்த ஒரு வசதி இருந்திருந்தால் எத்தனை பேர் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

அங்கே போய்ப் பார்த்தேன். மெஷின் இன்டெலின் எட்டாம் தலைமுறை, ஆகவே தகுதிப் பட்டியலில் இருந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் பயாசில் அணைந்து கிடந்ததையும், டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்ததையும் அவருடைய தம்பி யூடியூப் பார்த்து ஏற்கெனவே சரிசெய்து வைத்திருந்தான். அந்த வயதில் எனக்கு அவ்வளவு தெரியாது. டிஸ்கில் இடமும் போதுமானது. மிச்சம் இருந்தது ஒரு பிழை எண். சி1900101, அதன் பின்னே 30018. முன் பாதி பெரும்பாலும் டிரைவர் கோளாறைக் குறிக்கும். பின் பாதியின் முதல் இலக்கம்தான் எங்கே என்பதற்குப் பதில். 1 என்றால் இன்னும் பழைய விண்டோசுக்குள்ளேயே. 2 என்றால் நடுவில் வரும் பாதுகாப்புச் சூழலில். 3 என்றால் புதியது முதல்முறை எழும்போது. 4 என்றால் இரண்டாம் முறை எழும்போது. ஆக, விண்டோஸ் 11 எழுந்து கண் விழித்திருக்கிறது. விழித்ததும் ஒரு சாதனத்தின் டிரைவர் பதில் சொல்லாமல் உறைந்திருக்கிறது.

பிரிண்டர், ஸ்கேனர், பென்டிரைவ் என்று செருகியிருந்ததை எல்லாம் ஏற்கெனவே உருவிவிட்டுத்தான் இரண்டாம் முறை ஓடவிட்டாராம். டாங்கிளையும் உருவியிருக்கிறார். சரியான யோசனைதான். ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் இங்கேதான் முக்கியமான வித்தியாசம். ஜம்பர் வைத்த கார்டை உருவினால் கோளாறும் கையோடு வந்துவிடும். இன்று சாதனத்தை உருவினாலும் அதன் டிரைவர் விண்டோசின் கிடங்கில் உட்கார்ந்திருக்கும். பத்து வருடத்துக்கு முன் ஒரு நாள் இணைத்து, பிறகு பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட பிரிண்டரின் டிரைவர்கூட அங்கே இருக்கும். மேம்படுத்தும்போது அவை அத்தனையையும் புதிய வீட்டுக்குத் தூக்கிப் போக முயற்சி நடக்கும்.

சி டிரைவில் டாலர் குறியோடு தொடங்கும் மறைந்த கோப்புறை ஒன்று இருக்கிறது. அதற்குள் சோர்சஸ், அதற்குள் பாந்தர், திரும்பி வந்திருந்தால் பக்கத்திலேயே ரோல்பேக். நடந்தது அத்தனையும் நொடிக்கணக்கோடு அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அண்ணன் படித்த டெட்லாக்கைக் காட்டிலும் பல மடங்கு விரிவான பதிவேடு. அதைப் படித்துச் சுருக்கிச் சொல்ல செட்டப்டயாக் என்ற கருவியை மைக்ரோசாப்ட்டே தருகிறது. அதை ஓட்டினேன். அறிக்கை வந்து நின்ற இடம் டாங்கிளின் டிரைவர். பிஎன்பியூட்டில் கட்டளையில் கிடங்கின் பட்டியலை எடுத்தால், அந்த டிரைவரின் தேதி 2009 என்று இருந்தது. விண்டோஸ் 7 வந்த வருடத்துச் சரக்கு, 8ஐயும் 10ஐயும் எப்படியோ கடந்து வந்து 11இன் வாசலில் உறைந்திருக்கிறது. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வரியைக் காட்டினேன்.

“இதான் காரணம்னு இதுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே, கம்ப்யூட்டருக்கு?”

தெரியும். முதல் ராத்திரியே தெரியும். தெரிந்ததை எழுதியும் வைத்திருந்தது. திரையில் மட்டும் சொல்லவில்லை. ‘உங்கள் பழைய டாங்கிளின் டிரைவர் தடுக்கிறது, அதை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்’ என்று ஒரே ஒரு வரி போதும். அவர் தானே செய்திருப்பார், எனக்குப் போன் வந்திருக்காது. பாதுகாப்பில் இத்தனை தூரம் வந்துவிட்ட ஒரு நிரல், காரணத்தைச் சொல்வதில் 1995ஐவிடப் பின்னால் போயிருக்கிறது. சாமானியருக்குப் புரியாது என்று நினைத்து மறைக்கிறார்கள் போலும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அண்ணாச்சி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே 300 என்ற முகவரியைப் புரிந்துகொண்டவர். ஜனங்களுக்குப் புரியும். சொல்லத்தான் ஆள் வேண்டும்.

டிரைவரைக் கிடங்கிலிருந்து நீக்கி, முழு ஐஎஸ்ஓவை இறக்கி நேரடியாக ஓட்டினோம். 5 ஜிபிக்கு மேல், அவருடைய போன் ஹாட்ஸ்பாட்டிலேயே வந்தது. மூன்றாம் கட்டத்தைக் கடந்து நான்காம் கட்டமும் முடிந்து விண்டோஸ் 11 எழுந்தது. டாங்கிள் செய்தவர்களின் புதிய டிரைவர் 11இல் வேலை செய்தது. செருகினோம், தமிழ் வந்தது.

அவர் கேபினட் மேல் கைவைத்துச் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாங்கிளின் பிளாஸ்டிக் உறை பிளந்து, செலோ டேப் சுற்றியிருந்தது. அவருடைய அப்பா காலத்திலிருந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகைகள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், நினைவஞ்சலிப் புத்தகங்கள் எல்லாம் அந்தப் பழைய எழுத்துருக் குறிமுறையில்தான் இருக்கின்றன. திறந்தால் பார்க்கலாம், தேடினால் ஒரு பெயர் கிடைக்காது. எங்கள் ஊர்க் குடும்பங்களின் மூன்று தலைமுறைப் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. டாங்கிள் ஒரு நாள் உடையும். அந்தச் சாவியைச் செய்தவர்கள் எப்போதும் புதுச் சாவி கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கடையின் மூலையில் இன்னொரு மெஷினும் இருக்கிறது. பேஜ்மேக்கர் ஓடுகிற மெஷின். பழைய நிரல்களுக்காக அதில் 32 பிட் விண்டோஸ் 10 போட்டு வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதை மேம்படுத்த வழியில்லை, முழுக்க அழித்துப் புதிதாகத்தான் போட முடியும். போட்டால் 16 பிட் காலத்துச் சின்ன நிரல்கள் எதுவும் ஓடாது. எந்தப் பிழை எண்ணும் வராமல், எந்தச் சதவீதமும் ஓடாமல், அந்த மெஷின் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

“இத என்னண்ணே செய்யலாம்?” என்றார்.

அழிக்க வேண்டாம் என்று சொன்னேன். அதன் பின்னாலிருந்த நெட்வொர்க் வயரைக் கழற்றி வைத்தோம். இனி அது இணையத்தைத் தொடாது. ஹார்ட் டிஸ்க் முழுவதையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அவர் வீட்டுக்கு அனுப்பினோம். பேஜ்மேக்கர் கோப்புகளிலிருந்து எழுத்தை மட்டும் உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்து, குறிமுறை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிப் பார்த்தோம். ‘கொ’வும் ‘கௌ’வும் சில இடங்களில் பிசகின, ஆளிருந்து திருத்தவேண்டும். கும்பாபிஷேக மலர்களில் தொடங்குவது என்று முடிவு செய்தார். நன்கொடையாளர் பட்டியல் கேட்டு வருஷா வருஷம் கோயிலிலிருந்து ஆள் வருகிறதாம். சனிக்கிழமை மத்தியானங்களில் நான் போகிறேன். எழுத்துப் பிழை பார்க்க அவருடைய தம்பி உட்காருகிறான்.